மிண்டாட்டமும் இலைக்கணக்கும்

1

போன சனிக்கிழமை என் மகள் ஸ்மிதாவுக்கு ஏழு வயது முடிந்தது. வகுப்புப் பிள்ளைகளை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தோம். இந்த ஊரில் கூப்பிடுவது என்றால் அட்டை கொடுப்பது. அட்டையின் அடியில் கத்தரித்துத் திருப்பி அனுப்ப ஒரு துண்டு இருக்கும்; வருவதா இல்லையா என்று அதில் குறித்துத் தரவேண்டும். எல்லாத் துண்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. ஒரு பையனின் அம்மா, அவன் வருவான், ஆனால் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவான், முட்டை ஆகாது என்றுகூட எழுதியிருந்தாள். வருகிறேன் என்றவர்கள் வருவார்கள், இல்லை என்றவர்கள் வரமாட்டார்கள். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

நான் வழக்கம்போல இல்லை என்றவர்களுக்கும் சேர்த்து மாவு கரைத்தேன். ஸ்மிதா பக்கத்தில் வந்து நின்று, வரமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு எதற்குச் சமைக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒருவேளை வந்துவிட்டால் என்று தமிழில் சொன்னேன். அதுதான் எழுதிக் கொடுத்துவிட்டார்களே என்றாள். பிள்ளைக்கு என்மேல் இரக்கம்தான் வந்தது, கோபம் வரவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

அதே வாரத்தில்தான் எங்கள் கல்யாண நாளும். இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்கு அந்த மாவும் அந்த நாளும்தான் காரணம்.

2

நாங்கள் இருப்பது நியூசிலாந்தின் தென் தீவில், பால்பவுடர் தொழிற்சாலை ஒன்றை நம்பிப் பிழைக்கும் சின்ன ஊர். என் கணவர் அந்தத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். இங்கே எங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யாருக்கும் விளங்கவில்லை. குற்றம் சொல்ல முடியாது, எங்கள் ஊரிலேயே விளங்காது. பாறசாலையிலிருந்து பஸ் ஏறினால் டிக்கெட் கிழிப்பதற்குள் களியிக்காவிளை, செக்போஸ்ட், தமிழ்நாடு. நாங்கள் இந்தப் பக்கம், கேரளா. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும்.

குடிவரவு அலுவலகத்தில் பிறந்த இடம் கேரளா, தாய்மொழி தமிழ் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் ஏதோ புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இரண்டில் ஒன்றைத் திருத்தித் தரும்படி கேட்டுக்கொண்டாள். எதை என்று கேட்டேன். உங்கள் விருப்பம் என்றாள். மிகவும் மரியாதையான பெண்.

பக்கத்து நகரத்தில் ஒரு கேரளா சங்கம் உண்டு. ஓணத்துக்குக் கூப்பிட்டு, எங்கள் மலையாளத்தைக் கேட்டதும் தமிழா என்பார்கள். தமிழ்ச் சங்கமும் உண்டு. பொங்கலுக்குக் கூப்பிட்டு, எங்கள் தமிழைக் கேட்டதும் மலையாளமா என்பார்கள். இரண்டு இடத்திலும் சாப்பாடு நன்றாக இருக்கும், அதனால் போய்விடுவோம். ஸ்மிதாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. பள்ளிப் பதிவில் யாரோ பெயரை முன்பின்னாகப் போட்டு, ஒரு வருடம் அவள் ஸ்மித் என்கிற குடும்பத்துப் பிள்ளையாக இருந்தாள். நாங்கள் போய்த் திருத்தினோம். அவளுக்கு அதில் வருத்தம்.

3

என் வேலை, ஊர்க் கடைக்காரர்களுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுப்பது. பூக்கடை, குழாய் ரிப்பேர், பண்ணைக்கு வேலி போடுகிறவர் என்று பலர். இந்த வருடம் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: இரண்டாயிரம் பிறந்தால் மெஷின் ஓடுமா? ஓடும் என்றால் நம்பமாட்டார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றால் நிம்மதியாகப் போவார்கள்.

அவர்களில் கெவின் என்று ஒருவர், கல்யாணங்களுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறார். கூடாரத்தை இன்னும் ஒருநாள் வைத்துக்கொள்கிறோம் என்று கேட்பவர்களிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வருவதில்லை. அதைப் புரோகிராம் சொல்ல வேண்டும் என்றார். நீங்களே சொல்லலாமே என்றேன். நான் சொன்னால் அப்புறம் அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே என்றார். திரையில் சிவப்பாக ஒரு வரி வரும்படி செய்து கொடுத்தேன். இப்போது போனில் மிகுந்த துக்கத்தோடு, எனக்குச் சம்மதம்தான், கம்ப்யூட்டர்தான் விடமாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புரோகிராம் வாங்குகிறவர்கள் கணக்குப் போட வாங்குவதில்லை என்பது என் அனுபவம். கணக்கு அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தன் வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். இதை எனக்குக் கற்றுத்தந்தவர் கெவின் இல்லை.

4

தொண்ணூறில் நான் நெய்யாற்றின்கரையில், துணிக்கடை மாடியிலிருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் இருக்கும்போது மெஷினில் பாடம், இல்லாதபோது கரும்பலகையில். ஒருநாள் பொன்னையன் அண்ணன் படியேறி வந்தார். எங்கள் பக்கம் கல்யாணச் சாப்பாடு என்றால் அவர்தான். ஏசி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவ எங்கே தண்ணீர் என்று கேட்டார். சமையலுக்கு இறங்குகிற ஆளின் பழக்கம்.

அவருடைய தொல்லை இது. கல்யாண வீட்டுக்காரன் கார்டு அடித்த கணக்கைச் சொல்லி, அதற்குமேலும் ஏற்றி, இத்தனை இலைக்குப் போடும் என்பான். அவ்வளவு பேர் வரமாட்டார்கள் என்று அண்ணனுக்குத் தெரியும். சொன்னால், எனக்க வீட்டுக்கு ஆளு வராதுன்னாக்கும் சொல்லுதீரு என்று சண்டைக்கு வருவான். சொல்லாவிட்டால் சோறு மீந்து, சமையல்காரனுக்குக் கணக்குத் தெரியாது என்று பேராகும்.

“நான் சொன்னா, பொன்னையன் பிசுக்கன்னு சொல்லுவான். மெசின் அச்சடிச்சுத் தந்தா மிண்டமாட்டான்,” என்றார். “கணக்கு எனக்கத் தலையில உண்டு மக்கா. எனக்கு வேண்டியது கடலாசுதான்.”

சொன்னதை எழுதிக்கொண்டேன். பிசுக்கன் என்றால் கஞ்சன், மிண்டமாட்டான் என்றால் பேசமாட்டான், கடலாசு என்றால் காகிதம். ஓரத்தில் துளைத் துளையாக இருக்கிற அந்தக் கம்ப்யூட்டர்க் காகிதம்தான் வேண்டும், வெள்ளைத் தாளில் தந்தால் ஒருவனும் நம்பமாட்டான் என்றார்.

5

அவர் சொல்லச் சொல்ல நான் விதிகளை எழுதினேன். அம்பூரிக்காரர்களுக்கு ரப்பர்த் தோட்டம். காலையில் மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, குடும்பத்தோடு வருவார்கள். வெயிலடித்தால் வீட்டுக்கு ஒருவர். அதனால் மழைக்கு ஒரு கட்டம். பெருங்கடவிளையில் சந்தை நாளாக இருந்தால் ஆண்களைக் கழிக்கவேண்டும். குளத்தூர்க்காரர்கள் கார்டு போகாத பக்கத்து வீட்டையும் வாங்க வாங்க என்று கூட்டி வருவார்கள், கூட்ட வேண்டும். சபைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள், இரண்டாம் பந்திக்கு அவியல் நிறுத்திவைக்க வேண்டும். வாத்தியார்கள் தனியாக வந்து முதல் பந்தியில் இருந்து, பாயசம் குடித்து, போய்விடுவார்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் பெரிய விதி. எந்த வீட்டுக்குப் போனாலும் அண்ணன் முதலில் கேட்பது முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று இல்லை. ஆருக்கும் ஆருக்கும் மிண்டாட்டம் இல்லை என்றுதான். மிண்டாட்டம் என்றால் பேச்சுவார்த்தை. அது அறுந்தவன் தனியாக வராமலிருக்க மாட்டான். அவனோடு தம்பி, மச்சினன், சம்பந்திவீடு, அவனிடம் வேலைசெய்கிறவர்கள் என்று ஒரு பக்கமே வராது. அப்பளப் பாக்கெட் முதல் அரிசி வரை மொத்தமும் அந்த ஒரு பதிலில்தான் இருந்தது. அந்தக் கட்டத்துக்கு ஆங்கில எழுத்தில் மிண்டாட்டம் என்றே பேர் வைத்தேன். ஆம் என்றோ இல்லை என்றோ போட வேண்டும், நடுவில் ஒன்றும் கிடையாது.

புரோகிராம் நன்றாகவே வேலை செய்தது. அண்ணன் அந்தத் துளைக் காகிதத்தைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, எனக்கொண்ணும் தெரியாது, மெசின் சொல்லுது என்று வீடு வீடாகப் பரிதாபமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்மிதாவுக்கு இந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். பேச்சு அறுந்தது என்றால் தொண்டையில் ஏதாவது கோளாறா என்று கேட்டாள்.

6

அப்புறம் எனக்கே கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் வீட்டில் மிண்டாட்டம் இல்லாதது அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும். பெரியப்பா பெருங்கடவிளையில் இருந்தார், வாழைக்குலை வியாபாரம். அப்பாவின் ஒரே அண்ணன். என் கல்யாணத்துக்கு எட்டொன்பது வருடத்துக்கு முன்னால் அத்தை மகளின் கல்யாணத்தில் அப்பா பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு இடம் போதவில்லை. முதல் பந்தியில் இலைமுன் இருந்த தன் அண்ணனிடம் போய், நீங்க ரெண்டாம் பந்தியில இருங்க என்று சொல்லிவிட்டார். நம்ம ஆளு என்கிற உரிமையில் சொன்னது. பெரியப்பா எழுந்து, கை கழுவி, நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். சொந்தமென்றுதான் எழுப்பினேன் என்பார் அப்பா. இலைமுன்னாலிருந்து எழுப்பினான் என்பார் பெரியப்பா. இரண்டும் உண்மைதான், அதனால்தான் தீரவில்லை.

என் கல்யாணத்துக்கு அப்பா நேரில் போய் அழைக்கவில்லை. கார்டைத் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பினார். எங்கள் பக்கம் அப்படி அனுப்பினால் அது அழைப்பு இல்லை, தகவல். அம்மா போகச் சொல்லிப் பார்த்தாள். போனால் அவரு முகத்தைத் திருப்பினா நான் தாங்கமாட்டேன் என்று அப்பா சொன்னது எனக்கும் கேட்டது.

பொன்னையன் அண்ணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். வழக்கமான கேள்விகளைக் கேட்டார், பதிலை நான் குறித்துக்கொண்டேன். நான்தானே போய் மெஷினில் அடிக்கவேண்டும். எங்கும் முதலில் கேட்கிற மிண்டாட்டக் கேள்வியை எங்கள் வீட்டில் மட்டும் கடைசியாகக் கேட்டார். தெரியாமல் கேட்கிற கேள்வியா அது. ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்று.

சங்கடம் எல்லோருக்கும் விளங்கியது. பெரியப்பா பக்கத்துக்கும் சேர்த்துச் சமைத்து அவர்கள் வராவிட்டால், பாதிப் பந்தல் காலி இலையோடு கிடக்கும். ஊர் முழுக்க, அண்ணன்காரன் வரவில்லை என்று கண்ணால் பார்க்கும். சமைக்காமல் விட்டு அவர்கள் வந்துவிட்டால், தம்பி வீட்டில் சோறில்லாமல் எழுந்தார்கள் என்றாகும். அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் பேச்சில்லை. அப்பாவுக்கு அண்ணன் வேண்டும். அதைச் சொல்ல வாய்தான் இல்லை.

“உள்ளத எழுது,” என்றார் அப்பா என்னிடம். எழுதினேன். மறுநாள் சென்டரில் அடித்தேன். காகிதம் வந்தது. பெரியப்பா பக்கம் முழுவதும் கழிந்திருந்தது. என் புரோகிராம் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று முதன்முறையாக வெறுப்பாக இருந்தது.

7

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அந்தப் புரோகிராமில் வெளிநாட்டுக்கு ஒரு விதி இருந்தது. கார்டு போகும், இலைக்கணக்கு பூஜ்யம். துபாயிலும் மஸ்கட்டிலும் இருந்தவர்களுக்காக அண்ணன் சொன்னது, நான் யோசிக்காமல் எழுதினேன். அண்ணன் இன்னமும் அந்தப் புரோகிராமைத்தான் ஓட்டுகிறார். ஊரிலிருந்து எங்களுக்குக் கல்யாணக் கார்டுகள் வருகின்றன, பெரும்பாலும் கல்யாணம் முடிந்த பிறகு. மஞ்சள் தடவிய மூலையோடு வரும். ஸ்மிதா கார்டின் அடியைப் பார்த்துவிட்டு, கத்தரித்து அனுப்பத் துண்டு இல்லையே, நாம் வரவில்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். தெரியும் என்றேன். அடுப்படிக்குப் போய்க் கொஞ்சநேரம் அழுதேன். இதை மறைக்க ஒன்றுமில்லை.

8

நான் அடித்துக்கொடுத்த காகிதத்தை வைத்துக்கொண்டு பொன்னையன் அண்ணன் பெருங்கடவிளைச் சந்தைக்கு வாழைக்குலை எடுக்கப் போனார். ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், வாங்க வேறு சந்தையே இல்லையா என்று பிற்பாடு கேட்டேன். அங்கே காய் நன்றாக இருக்கும் என்றார். பெரியப்பா எத்தனை குலை என்று கேட்டிருக்கிறார். அண்ணன் காகிதத்தைப் பிரித்துக் காட்டி, குறைச்சுப் போதும், நீங்க ஆரும் வரமாட்டியன்னு கம்ப்யூட்டர் சொல்லியாச்சு, உங்களுக்கு அரி போடல்ல என்று தன் பரிதாபக் குரலில் சொல்லியிருக்கிறார். அரி என்றால் அரிசி.

பெரியப்பா அந்தக் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாராம்.

“நான் எங்க போணும், எங்க போவண்டான்னு சொல்ல அது ஆருலே?” என்று கேட்டாராம்.

கல்யாணத்தன்று பெரியப்பா வந்தார். தனியாக வரவில்லை. ஒரு பஸ்ஸைப் பேசி, தம்பி முறை, மச்சினன் முறை, சம்பந்திவீடு, குலை வெட்டுகிறவர்கள் என்று எங்கள் புரோகிராம் கழித்த அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டரைத் தோற்கடிக்க வந்த கூட்டம். மணமேடையில் இருந்த எனக்கு அவர்கள் பந்தலுக்குள் நுழைவது தெரிந்தது. இத்தனை பேருக்கும் சோறில்லை என்று அந்த இடத்தில் உறுதியாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோறு இருந்தது. காகிதம் வந்த அன்றைக்கே அப்பா பொன்னையன் அண்ணனிடம் தனியாகப் போய், அண்ணனுக்க ஆட்களுக்கும் சேத்து அரி போடும், வரல்லேன்னா ஊரு சிரிக்கட்டும் என்று சொல்லியிருந்தார். நான் ஏற்கெனவே கணக்குல சேத்தாச்சு என்றாராம் அவர். ஆக, காகிதத்தை அச்சடித்தவள் தவிர வேறு யாரும் அதை நம்பவில்லை. இல்லை, இன்னொருவர் நம்பியிருந்தார். அப்பளம், எங்கள் பேச்சில் பப்படம், வாங்கும் பொறுப்பு பொன்னையன் அண்ணனுடைய மனைவிக்கு. அந்த அக்கா காகிதத்தில் இருந்தபடியே வாங்கி வைத்திருந்தார்.

அப்பா போய் பெரியப்பாவின் முன்னால் நின்று, முதல் பந்திப் பக்கம் கையைக் காட்டினார். பெரியப்பா பந்தல் காலைப் பார்த்து, எனக்கு ரெண்டாம் பந்தி போதும் என்றார். அவர் ஆட்களும் இரண்டாம் பந்திக்கே நின்றார்கள். போட்டோக்காரர் விடாததால் நானும் மாப்பிள்ளையும்கூட இரண்டாம் பந்திக்குத்தான் போனோம். எங்களுக்கு எதிர்வரிசையில் பெரியப்பா. பரிமாறுகிறவர்களை விலக்கிவிட்டு, பருப்பு வாளியோடு அப்பாவே வந்தார்.

பெரியப்பா சோற்றில் பருப்புக்குக் குழி செய்தார். பருப்பு விழுந்தது, நெய் விழுந்தது. இலையின் ஓரத்தைப் பார்த்தார். பருப்பில் நொறுக்கிப் போடப் பப்படம் இல்லை. அந்தப் பந்தியில் யார் இலையிலும் இல்லை. மாப்பிள்ளைக்கென்று எடுத்துவைத்த ஒன்று மட்டும் என் பக்கத்து இலையில் இருந்தது.

பெரியப்பா தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார்.

“எலே, பப்படம் இல்லியாலே?”

அத்தனை வருடத்துக்குப் பிறகு அப்பாவிடம் அவர் சொன்ன முதல் பேச்சு அதுதான். இல்லை என்று சொல்ல வேண்டிய இடம். சொல்லத்தான் அப்பாவால் முடியவில்லை.

“இப்பக் கொண்டு வாறேன் அண்ணா,” என்றார்.

சமையல் நடக்கும் ஆக்குப்புரைக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். நேராக எங்கள் வரிசைக்கு வந்தார். என் கணவராகி முழுதாக ஒரு மணிநேரம் ஆகாத மனிதர், தன் பப்படத்தை நொறுக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கைக்கு முன்னால் அப்பா கையைவிட்டு, பப்படத்தை எடுத்துக்கொண்டு போய் தன் அண்ணன் இலையில் வைத்தார். மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. மாமியார் என்னைப் பார்த்தார், நான் இலையைப் பார்த்தேன்.

பெரியப்பா எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். பப்படத்தை நொறுக்கிப் பருப்பில் பிசைந்தார். ஒரு உருண்டை சாப்பிட்டார். அப்பா நகராமல் கண்ணில் தண்ணீரோடு அங்கேயே நின்றார்.

“நின்னுட்டு என்னத்தப் பாக்கே? இருலே,” என்றார் பெரியப்பா, பக்கத்து ஆளைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு.

பெண்ணைப் பெற்றவர் எல்லாப் பந்தியும் முடிந்து, சம்பந்திவீட்டாரை வழியனுப்பிய பிறகுதான் சாப்பிடுவார். எங்கள் பக்கத்து முறை அது. அப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். யாரோ ஓடிப்போய் ஒரு இலை கொண்டுவந்து போட்டார்கள். எனக்கு எதிரே அண்ணனும் தம்பியும் குனிந்த தலை நிமிராமல், பிரதமன் பாயசம் வரும்வரை சாப்பிட்டார்கள். என் கணவர் பருப்பை வெறுமனே பிசைந்து சாப்பிட்டார்.